விறகடுப்பு எரியுது, வீடு சூடாகுதில்லை, கண்ணாடி கறுக்குது – மைனஸ் 25இல என்ன செய்யலாம்?

#1 வடலிக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோ, பீற்றர்பரோவுக்கு வடக்கால கிராமப்பக்கம். காஸ் லைன் இல்லை, புரொப்பேன் வாயுவில வீட்டைச் சூடாக்கிற பர்னஸ்தான். பேஸ்மென்ற்றில ஒரு விறகடுப்பு இருக்கு. உள்வயிறு 2 கன அடி, மேல்பக்கம் ஓட்டை போட்ட காற்றுக்குழாய்கள், பின்னால இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றாடல் அமைப்பு) சான்றிதழ்த் தகடு. 6 அங்குலப் புகைக்குழாய் வெளிச்சுவரைத் துளைச்சுப் போய் வீட்டுக்கு வெளியால சிமினியா ஏறுது.

பிரச்சினை மூண்டு. கண்ணாடி ஒரு நாளைக்குள்ள கறுக்குது. விறகு போடக் கதவைத் திறந்தால் புகை அறைக்குள்ள வருது. இரவு நிரப்பி, காற்றை மூடிப்போட்டுப் படுத்தால் விடிய பாதி கறுத்த கட்டையும் ஆறின அடுப்பும்தான் மிச்சம். விறகு ஒக்டோபரில வாங்கினது, மேப்பிளும் ஓக்கும் கலவை. காய்ஞ்சது எண்டு சொல்லித்தான் வித்தவை. அடுப்பு சின்னனோ? பெரிசா ஒண்டு மாத்தவோ?

#2 கொத்துவிறகு

அடுப்பை மாத்தாதேங்கோ. மூண்டும் ஒரே வருத்தம்தான்: விறகு ஈரம். ஒக்டோபரில வந்த விறகு எப்ப பிளந்தது எண்டு கேட்டீங்களோ? மரம் தறிச்சு ரெண்டு வருசமாக் கிடந்திருக்கலாம். ஆனால் குத்தியாக் கிடக்கிற மரம் காயாது. பட்டை தண்ணியை உள்ள பூட்டி வைச்சிருக்கும். பிளந்த நாளில இருந்துதான் கணக்கு. மேப்பிள், ஆஷ், பேர்ச் எல்லாம் பிளந்து ஒரு முழுக் கோடை காயவேணும். ஓக்குக்கு ரெண்டு கோடை. ஒரு வருசத்தில ஓக் காய்ஞ்சிட்டுது எண்டு விக்கிறவர் சொன்னால் சிரிச்சுப்போட்டு வந்திடுங்கோ.

முதல் வேலை, ஊசி வைச்ச ஈரமானி ஒண்டு வாங்குங்கோ. ஹார்ட்வெயார் கடையில விலை குறைஞ்சதே காணும். அளக்கிறதுக்கு முறை இருக்கு:

வெளியில உறைஞ்சு கிடக்கிற கட்டையில குத்தினால் மீற்றர் குறைச்சுத்தான் காட்டும். ஐஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு நாள் வீட்டுக்குள்ள வைச்சு அறைச்சூட்டுக்கு வந்தபிறகு அளவுங்கோ. அந்தக் கட்டையைத் திரும்ப ரெண்டாப் பிளந்து, புதுசாத் தெரியிற முகத்தில, நடுவில, நாரின்ர போக்கோட ரெண்டு ஊசியும் இருக்கிற மாதிரிக் குத்துங்கோ. கட்டையின்ர நுனியில அளந்தால் எந்த விறகும் காய்ஞ்ச விறகுதான்.

20 வீதத்துக்குக் கீழ எண்டால் நல்ல விறகு. 20–25 சமாளிக்கலாம். 25க்கு மேல எண்டால் அடுத்த வருச விறகு. இன்னொண்டு, மீற்றர் காட்டுறது மொத்த எடையில எத்தனை பங்கு தண்ணி எண்டு இல்லை, காய்ஞ்ச மரத்தோட ஒப்பிட்டு. மீற்றரில 25 எண்டால் மொத்த எடையில 20 வீதம் தண்ணி. கடையில ஒரு கணக்கும் நெற்றில இன்னொரு கணக்கும் சொல்லுறது இதாலதான்.

ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்கி சிமினியால வெளியில அனுப்ப ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணிச் சூடு போகுது. 18 கிலோ விறகு போடுறீங்கள், அதில 5 கிலோ தண்ணி எண்டு வையுங்கோ. மூண்டரைக் கிலோவாட் மணி ஆவிக்கே போட்டுது. அதைவிடப் பெரிய நட்டம் வேற இடத்தில. அந்த ஆவி அடுப்பின்ர வயிற்றைக் குளிராக்கிப்போடும். உங்கட அடுப்பில மேல இருக்கிற குழாய்கள் புகையை ரெண்டாம் தரம் எரிக்கத்தான் இருக்கு. அதுக்கு உள்ளுக்குள்ள ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வேணும். அது வராட்டில் எரியாத புகை கண்ணாடியில ஒட்டும், மிச்சம் சிமினியில கிரியோசோட் எண்டுற, தீப்பிடிக்கக்கூடிய தாராப் படியும்.

#3 சாரல்

ஒரு மாற்றுக்கருத்து. கொஞ்சம் ஈரமான விறகு மெல்ல எரியும், ராத்திரிக்கு அதுதான் நல்லது என்று பழைய ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். ரொம்பக் காய்ந்த விறகு பஞ்சு மாதிரி எரிந்து முடிந்துவிடுகிறது. ரெண்டையும் கலந்து போடுவதில் என்ன தப்பு?

#4 கொத்துவிறகு

மெல்ல எரியிறது எண்டு நீங்கள் சொல்லுறது எரியிறதே இல்லை, புகையிறது. விறகின்ர சூட்டில பாதிக்கு மேல அதில இருந்து வாற வாயுவிலதான் இருக்கு. சுவாலை இல்லாமல் விட்டால் அந்த வாயு முழுக்க சிமினியால போகுது. பழைய இரும்புப் பெட்டி அடுப்பில அப்பிடித்தான் செய்தவை, அந்தக் காலத்தில சிமினி தீப்பிடிக்கிறதும் அப்பிடித்தான் நடந்தது.

வேகத்தைக் குறைக்க ஈரம் தேவையில்லை. கட்டையின்ர பருமனும் அடுக்கிற முறையும் காணும். 3 அங்குலக் கட்டையை இடைவெளி விட்டு அடுக்கினால் வேகமா எரியும். 5–6 அங்குலக் கட்டையை நெருக்கி அடுக்கினால் மெல்ல எரியும். ரெண்டும் ஒரே காய்ஞ்ச விறகுதான்.

#5 ஒஸ்லோவாசி

நோர்வேயில் இருந்து இரண்டு குறிப்பு. இங்கே 1998க்குப் பிறகு புதிதாகப் பொருத்தும் அடுப்பு எல்லாம் புகையை மறுபடி எரிக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. பேர்கன் நகரில் 2021 தொடக்கம் அதற்கு முந்திய அடுப்பை எரிக்கவே தடை. அப்படிப்பட்ட அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தீயணைப்புப் பிரிவே மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்: மேலிருந்து கீழே.

அடியில் மூன்று பெரிய கட்டை. நெருக்கமாக, ஆனால் முட்டாமல். அதன் மேல் குறுக்காக மூன்று நான்கு நடுத்தரக் கட்டை. அதற்கும் மேல் பெருவிரல் பருமனில் பத்துப் பன்னிரண்டு சிராய், குறுக்கும் நெடுக்குமாக. உச்சியில் மெழுகு தோய்த்த பற்றவைப்பான் ஒன்று, அல்லது முடிச்சுப் போட்ட பத்திரிகைத் தாள் நாலு. சுருட்டிய தாள் உருண்டு விழும், முடிச்சு விழாது. மேலே கொளுத்திவிட்டு, காற்றை முழுக்கத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். சிராய் பிடித்ததும் கதவை மூடிவிடலாம். கதவு திறந்திருக்கும்போது பக்கத்தை விட்டு நகரவே கூடாது.

கீழிருந்து கொளுத்தினால் குளிர்ந்த விறகு முழுவதையும் முதல் புகை கடந்து போக வேண்டும். மேலே கொளுத்தினால் கீழ்க்கட்டை விடும் வாயு, மேலே ஏற்கெனவே எரிகிற சுவாலைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். முதல் பதினைந்து நிமிடப் புகையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெளியில் நின்று சிமினி உச்சியைப் பாருங்கள்.

#6 வடலிக்காற்று

மீற்றர் வாங்கி நீங்கள் சொன்ன மாதிரியே அளந்து பார்த்தன். மேப்பிள் 22க்கும் 25க்கும் இடையில. ஓக் எல்லாம் 33, 34. இப்ப ஜனவரி. இந்தக் குளிர்காலத்தை எப்பிடிக் கொண்டுபோறது?

#7 கொத்துவிறகு

ஓக்கை இண்டைக்கே பிரிச்சு வேற அடுக்காப் போடுங்கோ. 34 எண்டால் அது இன்னும் பச்சை, தொடாதேங்கோ.

மேப்பிளைத் திரும்பப் பிளவுங்கோ. 6 அங்குலமா இருக்கிறதை 3 அங்குலமாக்கினால் காயிற முகம் கூடும். ஒரு கிழமைக்குத் தேவையானதை பேஸ்மென்ற்றுக்குள்ள, அடுப்பில இருந்து குறைஞ்சது 4 அடி தள்ளி, சுவரில முட்டாமல் அடுக்கி, சின்ன மின்விசிறி (பான்) ஒண்டை அதுக்கு நேர வையுங்கோ. குளிர்காலத்தில வீட்டுக்குள்ள காற்று எலும்பா வறண்டு கிடக்கும், ரெண்டு மூண்டு புள்ளி இறங்கும். அடுப்புக்கு மேல விறகு காயவைக்கிற பழக்கம் இருந்தால் விட்டிடுங்கோ. அதாலதான் கன வீடு எரிஞ்சது.

மிச்சத்துக்கு மரத்தூளை அமத்திச் செய்த கட்டி வாங்குங்கோ. மெழுகு கலக்காதது எண்டு பைக்கற்றில எழுதியிருக்க வேணும். மெழுகு கலந்தது திறந்த பயர்பிளேசுக்குச் செய்தது, உங்கட அடுப்புக்கு இல்லை. அமத்தின கட்டியில ஈரம் 10 வீதத்துக்கும் கீழ. ஒரு தரம் போடைக்க பாதி கட்டி, பாதி மேப்பிள். முழுக்கக் கட்டியாப் போட்டு நிரப்பாதேங்கோ. எல்லாம் ஒண்டாப் பிடிச்சு அடுப்பு சிவக்கும்.

இதோட சேர்த்து சிமினியைப் பாத்தே ஆகோணும். ஒக்டோபரில இருந்து 34 ஈரத்தில ஓக் எரிஞ்சிருக்கு. உள்பக்கப் படிவு 3 மில்லிமீற்றர் தடிப்பு வந்தால் துலக்கிற நேரம். தூளா, செதிலா இருந்தால் பிரஷ் எடுக்கும். கறுத்த கண்ணாடி மாதிரி மினுமினுத்து ஒட்டிக்கிடந்தால் பிரஷ் எடுக்காது, ஆளைத்தான் கூப்பிடோணும். துருப்பிடிக்காத இரும்புச் சிமினிக்கு 6 அங்குல பிளாஸ்ரிக் பிரஷ்.

துலக்க முதல் அடுப்புக்குள்ள மேல இருக்கிற தடுப்புத் தகட்டைக் கழட்டுங்கோ. கழட்டாட்டில் விழுற கரி முழுக்க அதுக்கு மேல குவிஞ்சு வாயை அடைக்கும். "துலக்கின பிறகுதான் புகை கூட வருது" எண்டு ஆராவது எழுதினால் பத்தில ஒன்பது தரம் இதுதான்.

#8 மழைக்குருவி

மாண்ட்ரியல் பக்கத்திலிருந்து. கதவைத் திறந்தால் புகை வருவதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை, வடலிக்காற்று அமைப்பில் இன்னும் ரெண்டு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, சிமினி வெளிச்சுவரில். −25இல் முழுநீளமும் குளிரில் நிக்குது. புகை ஆறினா, சிமினி அதை மேலே இழுக்கிற இழுவை போச்சு. ரெண்டு, அடுப்பு பேஸ்மென்ட்டில். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே சூடான காற்று மேலே ஏறி மாடிக் கசிவு வழியா வெளியே போகும், அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். அடுப்பு அணைஞ்சிருந்தா அந்த இழுவை சிமினி வழியாவே நடக்கும். அடுப்புக் கதவைத் திறந்து கையை வெச்சுப் பாருங்க, ஜில்லுன்னு காற்று கீழே இறங்கினா இதுதான் விஷயம்.

பற்றவைக்கும் முன்னாடி அதே தளத்தில் ஒரு ஜன்னலை ஒரு அங்குலம் திறந்துவிடுங்க. ஹேர் டிரையரை அடுப்போட மேல்வாய்க்கு நேரா ரெண்டு மூணு நிமிஷம் பிடிங்க. காற்று மேல்நோக்கித் திரும்பினதும் கொளுத்துங்க. சமையலறை ஹூட், துணி டிரையர், பாத்ரூம் பான் எதுவும் அப்போ ஓடக்கூடாது. நம்ம வீடுகளில் மீன் பொரிக்கன்னு பெரிய ஹூட் போட்டிருப்போம். நிமிஷத்துக்கு 600 கன அடி இழுக்கிற ஹூட்டை அடுப்பு எரியும்போது ஓடவிட்டா, கீழே சிமினி தோத்துடும்.

குழாயைப் பாருங்க:

– சிமினி உச்சி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி உயரம் இருக்கணும். 10 அடி தூரத்துக்குள்ளே இருக்கும் எதைவிடவும் 2 அடி கூட இருக்கணும்.
– அறைக்குள்ளே போற குழாயில் 90 டிகிரி வளைவு ரெண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கையாப் போற பகுதி அடிக்குக் கால் அங்குலம் மேல்நோக்கி ஏறணும்.
– குழாய் மூட்டில் சுருக்கின முனை அடுப்பைப் பார்த்துக் கீழே இருக்கணும். தலைகீழா மாட்டினா உருகின கிரியோசோட் மூட்டு வழியா வெளியே வடியும், நாத்தம் தாங்காது. மூட்டுக்கு மூணு ஸ்க்ரூ.
– உச்சித் தொப்பியில் பறவை வலை இருந்தா முதலில் அடைபடுவது அதுதான். ஈர விறகு எரிச்ச வீட்டில் கட்டாயம் பாருங்க.

கதவைத் திறக்கும் முறையும் ஒண்ணு இருக்கு. காற்றை முழுக்கத் திறந்து ஒரு நிமிஷம் விட்டு, கதவை ஒரு விரல் திறந்து சில வினாடி நிறுத்தி, பிறகு மெல்ல முழுக்கத் திறக்கணும். சுவாலை இருக்கும்போது திறக்காதீங்க, தணலானதும் திறங்க.

#9 நீலமலை

குன்னூரிலிருந்து கேட்கிறேன். இங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். பழைய பங்களாவில் திறந்த பயர்பிளேஸ், யூகலிப்டஸும் சீகை மரமும்தான் விறகு. எவ்வளவு எரித்தாலும் முன்னால் உட்கார்ந்தால்தான் சூடு, முதுகு குளிர்கிறது. படுக்கையறையில் பயர்பிளேஸ் இல்லை, இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டு வைக்கலாமா? புகை வராதே.

#10 கொத்துவிறகு

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கரித் தணலில் புகை இல்லை, மணமும் இல்லை. ஆனால் எல்லாத்திலும் கூட காபன் மொனொக்சைட் எண்டுற நச்சு வாயுவை விடுறது அதுதான். பூட்டின அறையில சட்டித் தணல் வைச்சுப் படுத்தவை எழும்பாமல் போன சம்பவங்கள் குளிர்ப் பிரதேசம் எங்கையும் இருக்கு, உங்கட மலைப்பக்கமும் இருக்கு. தலையிடி, சத்தி, மயக்கம் எண்டு வரும். நித்திரையில இருக்கிறவருக்கு அதுவும் தெரியாது. சன்னலைக் கொஞ்சம் திறந்தால் சரியெண்டு ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ.

திறந்த பயர்பிளேஸ் அறைக்குள்ள இருக்கிற சூட்டுக்காற்றையே சிமினியால இழுத்து வெளியில தள்ளும். விறகின்ர சூட்டில பத்தில ஒரு பங்குதான் அறைக்கு மிஞ்சும், மிச்ச அறைகள் இன்னும் குளிரும். எரியிற நேரம் அந்த அறைக் கதவைப் பூட்டி, அதே அறையில சன்னலைச் சிறிது திறந்து விட்டால் மற்ற அறைக் காற்று இழுபடாது. நிரந்தரத் தீர்வு வேணுமெண்டால், அந்தப் பொந்துக்குள்ள கண்ணாடிக் கதவு வைச்ச இரும்பு அடுப்பைச் செருகி, பழைய சிமினிக்குள்ளால உச்சி வரை இரும்புக்குழாய் இறக்கோணும். படுக்கையறைக்கு மின்ஹீற்றரும் சுடுதண்ணிப் பையும் காணும்.

#11 மட்டுறுத்துநர்

#10இல் உள்ள எச்சரிக்கையை இழையின் தலைப்பிலும் இணைத்திருக்கிறேன். கரிச்சட்டி, பார்பிக்யூ அடுப்பு, ஜெனரேற்றர் மூன்றையும் கராஜ் உட்பட எந்த மூடிய இடத்திலும் பயன்படுத்துவது பற்றிய யோசனைகள் இங்கே நீக்கப்படும்.

#12 சாரல்

சரி, ஈரம் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரவு? எட்டு மணி நேரம் யாரும் விழித்திருந்து கட்டை போட முடியாது. காற்றை மூடாமல் எப்படி விடிய வரை கொண்டுபோவது? 2 கன அடி அடுப்பில் அது நடக்கிற காரியமா?

#13 கொத்துவிறகு

நடக்கும். ஆனால் எட்டு மணித்தியாலம் சுவாலை நிக்காது, அதை எதிர்பாக்கக் கூடாது. முதல் மூண்டு நாலு மணித்தியாலம் சுவாலை, பிறகு தணல். விடிய அந்தத் தணலில சிராய் போட்டால் தீக்குச்சி இல்லாமல் பிடிக்க வேணும், அதுதான் நல்ல இரவு.

2 கன அடிக்குள்ள 16 அங்குலக் கட்டை நெருக்கி அடுக்கினால் காய்ஞ்ச மேப்பிள் 18 கிலோ அளவில போகும். கிலோவுக்கு 4 கிலோவாட் மணிக்குக் கொஞ்சம் மேல. அடுப்பின்ர திறன் 70 வீதம் எண்டால் வீட்டுக்குக் கிடைக்கிறது 50 கிலோவாட் மணி. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரிச்சால் 6 கிலோவாட்டுக்கு மேல. அதாவது 1500 வாட் மின்ஹீற்றர் நாலு இரவு முழுக்க ஓடுற சூடு. அடுப்பு சின்னன் இல்லை எண்டு முதலே சொன்னது இதாலதான்.

படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் தொடங்குங்கோ. கிடக்கிற தணலை இரும்புக் கோலால கதவுப்பக்கம் முன்னுக்கு இழுத்துக் குவியுங்கோ. பெரிய கட்டைகளைப் பின்னால, முன்பின் நீளமா அடுக்குங்கோ, பக்கவாட்டில இல்லை. பக்கவாட்டில போட்டால் எரிஞ்சு உருண்டு கண்ணாடியில வந்து சாயும். முன்னுக்கு இருக்கிற தணலில இருந்து நெருப்பு பின்னுக்குப் படிப்படியாப் போகும், எல்லாக் கட்டையும் ஒரே நேரத்தில பிடிக்காது. மேல இருக்கிற காற்றுக்குழாயில கட்டை இடிக்கக் கூடாது, ரெண்டு அங்குலம் இடம் விடுங்கோ.

காற்று முழுக்கத் திறந்து 15–20 நிமிசம். கட்டைகளின்ர வெளிமுகம் முழுக்கக் கறுத்து வெடிக்க வேணும். பிறகு பாதி. சுவாலை திரும்ப நிமிர்ந்து நிக்குதோ எண்டு பாத்து, அஞ்சு பத்து நிமிசம் கழிச்சுக் கால்வாசி. இன்னும் குறைக்கலாமோ எண்டதைச் சுவாலைதான் சொல்லும். மேல்குழாய் ஓட்டைகளில நீலமும் மஞ்சளுமாக் காஸ் அடுப்பு எரியிற மாதிரி எரிஞ்சுகொண்டிருந்தால் சரி. அது அணைஞ்சு உள்ளுக்குள்ள புகை சுழண்டால் கூட மூடிப்போட்டீங்கள், கொஞ்சம் திறவுங்கோ. அந்த நிலைக்கு வந்த பிறகுதான் படுக்கப் போகலாம்.

காந்தம் வைச்ச தெர்மோமீற்றர் ஒண்டைக் குழாயில, அடுப்புக்கு மேல ஒண்டரை அடியில ஒட்டுங்கோ. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு வெளிப்பக்கம் 120–240 டிகிரி செல்சியஸ் சரியான இடம். அதுக்குக் கீழ மணிக்கணக்கா நிண்டால் சிமினியில படியுது. மேல போனால் அடுப்பு பழுதாகும். இரட்டைத் தகட்டுக் குழாய்க்கு இந்த மீற்றர் பொய் சொல்லும், உள்ள குத்திற வகைதான் வேணும்.

காற்றை முழுக்க மூடியும் நெருப்பு அடங்காட்டில் கதவைச் சுத்தி ஒட்டியிருக்கிற அடைப்புக் கயிற்றைப் பாருங்கோ. தாள் துண்டு ஒண்டைக் கதவில வைச்சுப் பூட்டி இழுங்கோ. சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தில காற்றுப் போகுது. புதுக் கயிறு என்ன பருமன் எண்டு அடுப்புக் கையேட்டில இருக்கும், மதிப்பிட்டு வாங்காதேங்கோ. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்து, கயிற்றை இழுக்காமல் பள்ளத்தில படுக்க விடோணும். இழுத்து ஒட்டினால் மெலிஞ்சு திரும்பவும் ஒழுகும்.

#14 மழைக்குருவி

சிமினி தீப்பிடிச்சா என்ன ஆகும்னும் இங்கே எழுதி வெச்சுடலாம். குழாய் அதிரும், ரயில் போற மாதிரி இரைச்சல், உச்சியில் பொறி பறக்கும். உள்ளே 1100 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். அடுப்புக் கதவையும் காற்றையும் முழுக்க மூடுங்க, எல்லாரும் வெளியே வாங்க, அவசர எண் 911ஐக் கூப்பிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க. அணைஞ்சுட்டாலும் ஆளை வெச்சுப் பரிசோதிக்காம திரும்ப எரிக்கக் கூடாது. உள்குழாய் கோணியிருந்தா வெளியே தெரியாது.

#15 தேன்வதை

அடிப்படைக் கேள்வி ஒன்று. இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடிக்கிறதா? ரொறன்ரோ பக்கம் மார்க்கம் நகரில் இருக்கிறோம், காஸ் பர்னஸ்.

#16 மழைக்குருவி

காஸ் லைன் இருக்கும் டவுனில் காசுக்காக விறகடுப்பு வாங்காதீங்க. மின்சாரம் போனா பர்னஸ் ஓடாது, அதுக்கு வேணும்னா காரணம் சொல்லலாம். 1998 ஜனவரி ஐஸ் புயலில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் சில இடங்களில் வாரக்கணக்கா மின்சாரம் இல்லை. மாண்ட்ரியலில் 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் அடுப்புக்குத் தடை, புகைமூட்ட எச்சரிக்கை நாளில் எல்லா அடுப்புக்கும் தடை. ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தா மட்டும் எரிக்கலாம்னு அதே விதியில் விலக்கு வெச்சிருக்காங்க.

கிராமத்தில் புரொப்பேன், எண்ணெய், மின்சாரம்னா கணக்கு வேற. காய்ஞ்ச சுகர் மேப்பிள் ஒரு முழு கோர்ட்டில் (128 கன அடி அடுக்கு) சுமார் 24 மில்லியன் பி.டி.யூ. (சூட்டை அளக்கும் அலகு). 70 சதவீதத் திறனில் வீட்டுக்கு வருவது 4,900 கிலோவாட் மணி. அதே சூட்டுக்கு நல்ல பர்னஸில் புரொப்பேன் 730 லிட்டர் வேணும், காஸ்னா 500 கன மீட்டர், எண்ணெய்னா 540 லிட்டர். உங்க பில்லில் இருக்கும் விலையைப் பெருக்கி, விறகு விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. பைன், பாப்லர் எல்லாம் மேப்பிளில் அறுபது சதவீதம்தான். விலை குறைவா கொடுத்தா வாங்கலாம், இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும் நல்லது. காய்ஞ்ச பைன் சிமினியை அடைக்கும்னு சொல்வது வெறும் பேச்சு, அடைப்பது ஈரம்தான்.

#17 வடலிக்காற்று

விளக்கத்துக்கு நன்றி. கட்டியும் மேப்பிளும் கலந்து போட்டபிறகு கண்ணாடி தெளிவா இருக்கு, கீழ்த்தளம் 26 டிகிரி. ஆனால் மேல்மாடிப் படுக்கையறை 16. பர்னஸின்ர மின்விசிறியை ஓடவிட்டால் சூடு பரவுமோ?

#18 கொத்துவிறகு

பர்னஸ் பான் அவ்வளவு உதவாது. குழாய் வழி போய் வரைக்குள்ள பாதி ஆறிப்போடும். சின்ன மேசை பான் ஒண்டைப் படியின்ர மேல்தலையில நிலத்தில வைச்சு, குளிர்காற்றை அடுப்பறைப் பக்கம் கீழ நோக்கித் தள்ளுங்கோ. குளிர்காற்று கனம், லேசாத் தள்ளுப்படும். அது போன இடத்துக்குச் சூட்டுக்காற்று படியின்ர மேல்பக்கத்தால தானா வரும். சூட்டுக்காற்றை மேல ஊதிறதைவிட இது நல்லா வேலை செய்யும்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒண்டு, இந்தக் குளிரில கவனம். தெர்மோஸ்டாற் அடுப்புச் சூட்டில இருந்தால் பர்னஸ் ஓடவே ஓடாது. அப்ப வெளிச்சுவர் ஓரமாப் போற தண்ணிக்குழாய், கராஜுக்கு மேல இருக்கிற பாத்ரூம், சமையலறைச் சிங்குக்குக் கீழ, எல்லாம் உறையும். வீடு கதகதப்பா இருக்கைக்க குழாய் வெடிக்கிறது இப்பிடித்தான். −20க்குக் கீழ போற இரவுகளில அடுப்பு எரிஞ்சாலும் பர்னஸை நாளுக்கு நாலைஞ்சு தரம் ஓடவிடுங்கோ, சிங்குக் கபேட் கதவுகளைத் திறந்து வையுங்கோ.

#19 சுண்டங்கத்தரி

இன்சூரன்ஸ் பற்றி ஒருவரும் எழுதேல்லை. விறகடுப்பு இருக்கு எண்டு அறிவிக்காமல் எரிச்சால், தீ நட்டஈட்டை மறுக்க அது காணும். அனேகமான கொம்பனிகள் வெட் (WETT, விறகடுப்புப் பரிசோதகர்களுக்கான) சான்றிதழ் உள்ளவரின்ர பரிசோதனை அறிக்கை கேட்பினம். அவர் அளக்கிறதை நீங்களே முன்னம் அளக்கலாம்:

சான்றிதழ்த் தகடு உள்ள அடுப்பெண்டால் சுவர் இடைவெளி தகட்டில எழுதியிருக்கும். தகடு இல்லாட்டில் எரியக்கூடிய எதுக்கும் 1200 மில்லிமீற்றர். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 450. எரியாத நிலத்தட்டு விறகு போடுற பக்கம் 450, மற்றப் பக்கம் 200 நீட்டிக்கொண்டிருக்க வேணும். ஜிப்ரொக் (ஜிப்சம் பலகை) சுவரில ஓடு ஒட்டினால் அது எரியாத சுவர் ஆகாது. பின்னால மரச்சட்டம் சூடாகும். தகட்டுக் கவசத்தைச் சுவரில இருந்து ஒரு அங்குலம் தள்ளி, கீழயும் மேலயும் காற்றுப் போக விட்டுப் பூட்டினால்தான் இடைவெளியைக் குறைக்க விடுவினம்.

காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில சட்டப்படி கட்டாயம். விறகடுப்புள்ள வீட்டில படுக்கையறைகளுக்குப் பக்கத்திலயும் ஒவ்வொரு தளத்திலும் ஒண்டு வையுங்கோ. பின்பக்கம் காலாவதித் திகதி இருக்கும், பற்றரி மாத்தினால் மட்டும் காணாது.

#20 ஒஸ்லோவாசி

சாம்பல்: முழுக்க வழிக்காதீர்கள், ஒரு அங்குலம் விட்டால் தணல் அதில் புதைந்து நிற்கும். எடுத்த சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளிக்குள், வாளி வெளியே, மரத்தளத்திலோ கராஜிலோ வேண்டாம். ஆறியதுபோல் இருக்கும், நாலு நாள் கழித்தும் உள்ளே தணல் உயிரோடு இருக்கும். சாதாரண வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவே கூடாது.

எரிக்கக் கூடாதவை: பெயின்ற் அடித்த பலகை, பிளைவுட், பச்சை நிறத்தில் மருந்து ஏற்றிய பழைய வேலிப்பலகை (2003 வரை வீட்டுக்கு விற்றதில் ஆர்செனிக் உண்டு), கடற்கரையில் ஒதுங்கிய உப்பு மரம். சரக்கு அடுக்கும் பலட் கட்டை என்றால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் நச்சுவாயு அடித்தது.

#21 கொத்துவிறகு

அடுத்த வருச விறகை இந்த மார்ச், ஏப்ரிலில எடுங்கோ. ஒக்டோபரில வாங்கிறவைக்குத்தான் ஈர விறகு வாறது. "ஒரு கோர்ட்" எண்டு சொன்னால் எந்தக் கோர்ட் எண்டு கேளுங்கோ. முழு புஷ் கோர்ட் 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம், 128 கன அடி. பேஸ் கோர்ட் எண்டு விக்கிறது 16 அங்குலக் கட்டை ஒரு வரிசை, அதில மூண்டில ஒரு பங்கு. ட்ரக்கில எறிஞ்சு கொண்டுவந்தால் அடுக்கி அளந்த பிறகு காசு குடுங்கோ.

அடுக்கிறது நிலத்தில இல்லை, பலட்டுக்கு மேல. ஒற்றை வரிசை, வெயிலும் தெற்குக் காற்றும் படுற இடம், வீட்டுச் சுவரில இருந்து தள்ளி. மேல்பக்கம் மட்டும் மூடுங்கோ, தார்ப்பாயால முழுக்கச் சுத்தினால் உள்ளுக்குள்ள வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆஷ் மரம் மலிவா நிறைய வருது, மரகதத் துளைப்பான் வண்டு தாக்கிச் செத்தது. அந்த வண்டை 2002இல டிட்ரோயிற், வின்ட்சர் பக்கம் முதல் கண்டவை, இப்ப மாகாணத்தின்ர தெற்கில எங்கையும். நல்ல விறகு, பச்சையிலயே ஈரம் குறைவு. ஆனால் நிண்டபடி பட்ட மரத்தில மேல்கிளை காய்ஞ்சும் அடிமரம் ஈரமாவும் இருக்கும், ரெண்டையும் தனித்தனியா அளவுங்கோ. கொட்டேஜுக்கு எண்டு வாகனத்தில ஏத்திக்கொண்டு போகாதேங்கோ, வண்டும் சேர்ந்து போகும். எரிக்கிற ஊரிலயே வாங்கிறதுதான் சரி.

உங்கட ஓக்கை இப்பவே 4 அங்குலமாப் பிளந்து தனி வரிசையாப் போட்டிடுங்கோ. குளிரில உறைஞ்ச ஓக் கோடாலிக்கு லேசாப் பிளக்கும், கோடையில கை நோகும்.

#22 வடலிக்காற்று

ஓக் எவ்வளவு காலம் கிடக்க வேணும்? அடுத்த வருசம் ஜனவரிக்கு எடுக்கலாமோ?

#23 கொத்துவிறகு

அடுத்த செப்டெம்பரில நாலு கட்டை பிளந்து அளவுங்கோ. 4 அங்குலமாப் பிளந்து நல்ல வெயிலில கிடந்தால் 24, 25க்கு வந்திருக்கும். அப்ப பெப்ரவரிக்கு, மேப்பிளோட கலந்து. 28 எண்டு காட்டினால் பாயை மேல இழுத்து மூடிப்போட்டு இன்னொரு கோடை விடுங்கோ.